கொதிக்க வைக்கச் சொல்லவில்லை

எனக்கு அவன் மேல் பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரட்சிக்கப்பட்டவனுக்குப் பொறாமை எப்படி வரும் என்று சபைக்காரர்கள் கேட்பார்கள். வரும். நான் குடியை விட்டு ஆறு வருடமாகிறது. இன்னமும் வருகிறது.

எங்கள் சபை சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிறது. மீனவர் குப்பம் ஒரு பக்கம், கல்பாக்கம் டவுன்ஷிப்புக்குப் போகிற சாலை ஒரு பக்கம், நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு ஹால். முன் வரிசைகளில் டவுன்ஷிப் குடும்பங்கள் உட்காரும். பின்னால் குப்பத்து ஜனங்கள். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை, ஆனால் அப்படித்தான் உட்காருவார்கள். ஹாலுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்று, உள்ளே ஆறு கட்டில். போக்கிடம் இல்லாத குடிகாரர்களுக்காக எங்கள் பாஸ்டர் நடத்துகிற இல்லம். ஜன்னலை ஒட்டிய மூன்றாவது கட்டில் என்னுடையதாக இருந்தது. எனக்குப் பிறகு அவனுடையதாயிற்று.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை வெட்டியெடுத்து, புதுக் கம்பி சுற்றுவது என் வேலை. செங்கல்பட்டில் சொந்தமாகக் கடை வைத்திருந்தேன். கடை குடியில் போயிற்று. வீடு போயிற்று. மனைவி மகளை அழைத்துக்கொண்டு தாம்பரத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அப்புறம் மூன்று வருடம் செங்கல்பட்டு ரயில் நிலையம்தான். நடைமேடையின் கடைசியில் சாமான் தள்ளுகிற வண்டிகளை நிறுத்தியிருப்பார்கள். அதற்கடியில் படுப்பேன். போலீஸ் விரட்டினால் பஸ் ஸ்டாண்டு. எப்போதாவது கொளவாய் ஏரியில் குளிப்பேன்.

குடிக்க வழியே இல்லாத நாட்களில் பழக்கடைக்காரர்கள் கொட்டுகிற அழுகல் திராட்சையைப் பொறுக்குவேன். பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு நசுக்கி, டீக்கடையில் கெஞ்சி வாங்கிய சர்க்கரையைச் சேர்த்து மூடி, வெயிலில் வைப்பேன். மூன்றாம் நாள் மூடியைத் திருகினால் உஸ்ஸென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகப் பாட்டிலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் ஒருவர் எலுமிச்சை சாதப் பொட்டலம் கொண்டுவருவார். வெள்ளைச் சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் உட்காருவார். அவர்தான் எங்கள் பாஸ்டர். தெற்கத்திக்காரர்.

"சாப்பிட்டுட்டு ஜெபம் பண்ணலாமா?" என்று முதல் நாள் கேட்டார்.

"நான் சாப்புடறேன். ஜெபம் நீயே பண்ணிக்க" என்றேன்.

சிரித்துவிட்டு அவரே பண்ணிக்கொண்டார். அடுத்த செவ்வாயும் வந்தார். நான்கு மாதம் விடாமல் வந்தார். ஒரு செவ்வாய் நானே அவருடைய வேனில் ஏறி உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வானத்திலிருந்து வெளிச்சம் எதுவும் வரவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் சில நாள், அப்புறம் அந்த மூன்றாவது கட்டில். கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியாமல் இருந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, இவரை இன்னைக்கு மட்டும் காத்துக்கோங்க" என்று ஜெபித்தார். இன்றைக்கு மட்டும் என்று கேட்டார் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது. கேட்கிற மாதிரி கேட்கிற மனிதர் என்று நினைத்தேன். அன்றிலிருந்து நானும் அப்படித்தான் கேட்கிறேன். ஆறு வருடமாகத் தினமும் ஒரு நாளுக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

ஏழாவது மாதம் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து, இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து எல்லோரும் பங்கெடுப்பது; பந்தி என்போம். அப்பமும் திராட்சரசமும். சில பழைய சபைகளில் ஒயினே கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் சபையில் குடிகாரர்கள் இருப்பதால் பழச்சாறுதான். அதுவரை பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா, காய்ச்சிக்கொண்டிருந்தார். அவருக்கு முட்டிவலி.

"இனிமே பந்திக்குத் திராட்சரசம் நீங்க தயார் பண்ணுங்க" என்றார் பாஸ்டர்.

"நானா? திராட்சயா? ஐயா, தெரிஞ்சிதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

அன்று நான் ஹாலுக்குப் பின்னால் போய் அழுதேன். ரயில் நிலையத்தில் ஒரு நாளும் அழுததில்லை. ஒரு குடிகாரன் கையில் திராட்சையைக் கொடுத்து, சபை முழுக்கக் குடிப்பதற்குச் செய்து கொண்டுவா என்று ஒரு மனிதர் சொல்கிறார். பல வருடமாக என்னை நம்பி யாரும் எதையும் கொடுத்ததில்லை. முன்பு கொடுத்ததையெல்லாம் நான் தொலைத்திருந்தேன்.

சனிக்கிழமை மதியம் செய்வேன். விதையுள்ள கறுப்புப் பன்னீர் திராட்சை வாங்கி, காம்பு கிள்ளி, உப்பு போட்ட தண்ணீரில் அலசுவேன். அடி கனமான பாத்திரத்தில் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடுவேன். மசித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, சர்க்கரை சேர்த்து மறுபடி ஒரு கொதி. ஆறியதும் பாட்டிலில் ஊற்றி பாஸ்டரம்மாவின் ஃபிரிட்ஜில் வைப்பேன். நாலு வருடத்துக்கு மேல் ஒரு மாதம் தவறாமல் செய்தேன். இல்லத்தை விட்டு வெளியே வந்து, சிறிய அறை ஒன்று எடுத்து, மறுபடி காயில் கட்டத் தொடங்கியிருந்தேன். கடல் காற்றில் இங்கே மோட்டார்கள் சீக்கிரம் கெட்டுப்போகும், வேலைக்குக் குறைவில்லை. ஆனால் யாராவது நீ யார் என்று கேட்டால் மோட்டார் ஞாபகம் வராது. பந்திக்கு ரசம் காய்ச்சுகிறவன் என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அவன் அப்புறம்தான் வந்தான்.

மாமல்லபுரத்தில் ஆட்டோ ஓட்டியவன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். ஆட்டோவும் போய், வீடும் போய், சிலை செய்கிற பட்டறை ஒன்றின் பின்னால் கிடந்தவனைப் பாஸ்டர் கூட்டிவந்தார். முதல் வாரம் ஓடப் பார்த்தான். இல்லத்தின் வாசலில் நான்தான் அவன் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "வுடுய்யா கெயவா, வுடு" என்று என் முதுகில் குத்தினான். விடவில்லை. அதற்காக இப்போது வருத்தப்படுகிறேனா என்று சில நாட்களில் என்னையே கேட்டிருக்கிறேன். அவ்வளவு மோசமானவன் நான்.

மூன்று மாதம் கழித்து அவன் சபையில் சாட்சி சொன்னான். சாட்சி என்றால், ஆண்டவர் தன்னை எப்படித் தூக்கியெடுத்தார் என்று எல்லோர் முன்பும் எழுந்து நின்று சொல்வது. நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். "குடிச்சேன். ரோட்ல கெடந்தேன். இப்ப குடிக்கறதில்ல. ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முன் வரிசையில் ஒரு அம்மா அப்போதுதான் கைக்குட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பப் பைக்குள் வைத்தார்.

அவன் சொன்னபோது ஹாலே அழுதது. விற்காமல் போன கல் யானை ஒன்றின் வயிற்றுக்கடியில் இரண்டு மழைக்காலம் படுத்திருந்தானாம். மழை பெய்யும்போது யானையின் நெஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டுமாம். நான் படுத்தது சாமான் வண்டிக்கு அடியில். அதிலும்தான் தண்ணீர் சொட்டியது. யானைக்கு முன்னால் சாமான் வண்டி எடுபடுமா?

பாஸ்டர் அவனை வெளியூர்க் கூட்டங்களுக்கு அழைத்துப் போகத் தொடங்கினார். நெம்மேலி, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு. என் செங்கல்பட்டு. நான் கிடந்த ஊரில் அவன் மேடையேறி யானைக் கதை சொல்லிவிட்டு வருவான். டவுன்ஷிப் அக்கா ஒருவர் அவனுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தார்.

எட்டாவது மாதம் அவன் மனைவி குழந்தையோடு திரும்பி வந்தாள். சபையே எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன். அவர்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில் மின்விசிறி மாட்டக் கூப்பிட்டார்கள். போனேன். ஏணியில் நின்றபடி பார்த்தால் கொடியில் குழந்தையின் பள்ளிக்கூடச் சட்டை காய்கிறது, சுவரில் பொம்மை ஒட்டியிருக்கிறது. அவன் மனைவி டீ கொடுத்தாள்.

"உங்கள பத்திதாண்ணா வூட்ல பேசிக்கினே இருப்பாரு. அண்ணாத்த கால புடிக்கலன்னா நான் ஓடிப்போய்ருப்பேன்னு சொல்வாரு."

"சக்கர கொஞ்சம் தூக்கலா கீது" என்று டீயைக் குறை சொல்லிவிட்டு இறங்கினேன்.

என் மகளுக்குக் கல்யாணம் ஆன செய்தி எனக்குச் செங்கல்பட்டில் என் பழைய கடைக்குப் பக்கத்துக் கடைக்காரன் மூலமாகத்தான் தெரியும். கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவேன். "ம்ம், சொல்லுங்க" என்பாள். நான் சொல்வதற்குள், "சரி, குக்கர் வச்சிருக்கேன்" என்பாள். ஐந்து வருடமாக ஒழுங்காக இருப்பவனுக்கு ஒரு குக்கர் சத்தம். பத்து மாதக்காரனுக்கு மனைவி, குழந்தை, வெள்ளைச் சட்டை, யானை. ஆண்டவரிடம் இதைக் கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை.

போன வருடம் ஏப்ரல் கடைசியில் பாஸ்டர் என்னிடம் வந்தார்.

"அடுத்த மாசத்துலருந்து பந்தி ரசத்தைத் தம்பி பாத்துக்கட்டும். அவருக்கும் ஒரு பொறுப்பு குடுக்கணும்ல. நீங்க நல்லா ஊனி நின்னுட்டீங்க. உங்களுக்கு இனி இது தேவையில்ல."

எனக்குத் தேவையில்லையாம். "செய்யட்டும் ஐயா" என்றேன். வீட்டுக்கு வந்து பாத்திரத்தைத் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்தான்.

புதன்கிழமை அவன் என் அறைக்கு வந்தான். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, நான் கம்பி சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் குந்தினான்.

"அண்ணாத்த, ஐயா சொன்னாரா?"

"சொன்னாரு."

"எனக்கு பயமா கீது. எப்டி செய்யறதுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

"பன்னீர் திராட்ச வாங்கு. காம்பு கிள்ளி நல்லா கழுவு. நசுக்கு. துணில வடிகட்டு. சக்கர போடு. பாட்டில்ல ஊத்தி மூடி வை."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"நாளைலருந்து ஐயாவோட செங்கல்பட்டு கூட்டத்துக்குப் போறேன். சனிக்கெழம ராத்திரிதான் வருவோம். இன்னிக்கே செஞ்சி ஹால் பின்னாடி ரூம்ல வச்சிரலாமா?"

"வச்சிக்க."

மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. மறக்கவில்லை. கொதிக்க வை என்கிற வார்த்தை வாய்க்குள்ளேயே இருந்தது. ஃபிரிட்ஜும் இருந்தது. மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, கொதிக்காத சாறு சர்க்கரையோடு நாலு நாள் மூடிக் கிடந்தால் என்ன ஆகும் என்று இந்தக் கடற்கரையில் என்னைவிடத் தெரிந்தவன் எவன்? நான் கணக்குப் போட்டது இவ்வளவுதான்: பந்தி நேரத்தில் பாஸ்டர் வாயில் வைப்பார், புளிக்கும், முகத்தைச் சுளிப்பார், அடுத்த மாதம் வேலை என்னிடம் திரும்பி வரும். அவன் கொஞ்சம் வெட்கப்படுவான், படட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் அனல். விசிறிகள் எல்லாம் ஓடின. முன்னால் மேசையில் வெள்ளைத் துணி மூடிய இரண்டு தட்டுகள், அவற்றில் சின்னச் சின்னக் கப்புகள். காலையிலேயே அவன் ஊற்றி அடுக்கியிருந்தான். நான் நாலாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பாட்டு பாடும்போது விசிறிக் காற்றில் அந்த வாசனை வந்தது. ரயில் நிலையத்து வாசனை. என் வாயில் எச்சில் ஊறியது. ஐந்து வருடத்துக்குப் பிறகு.

அப்போதுதான் என் கணக்கில் விட்டுப்போனது தெரிந்தது. எங்கள் சபையில் பாஸ்டர் முதலில் குடிப்பதில்லை. கப்புகளை எல்லோருக்கும் கொடுத்த பிறகு, கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து, அவர் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் குடிப்போம். ஐந்து வருடமாக மாதாமாதம் பார்த்தது, அது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? பொறாமை பிடித்தவன் பாஸ்டரின் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில் இல்லத்து ஆட்கள் ஐந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் குடியை விட்டு ஒன்பது நாள். அப்புறம் அவன். அப்புறம் நான்.

ஒரு சின்னக் கப்தானே என்று குடிக்காதவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது கப் இல்லை.

அப்போதும் நான் எழவில்லை. அதையும் எழுதிவைக்க வேண்டும். பாட்டு முடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். எழுந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று யோசித்தேன்.

பந்திக்கு முன் பாஸ்டர் ஐந்து நிமிடம் கொடுப்பார். யார் மேலாவது மனதில் கசப்பு இருந்தால், அதோடு பந்தியில் கைவைக்கக் கூடாது. எழுந்து போய் அவரிடம் பேசிச் சரிசெய்துகொண்டு வரவேண்டும். ஹாலில் அந்த ஐந்து நிமிடம் வேடிக்கையாக இருக்கும். மாமியார் மருமகளிடம் போவார். தண்ணீர்க் குழாய்ச் சண்டை போட்ட குப்பத்துப் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். போன மாதம் சரிசெய்துகொண்டவர்களே இந்த மாதமும் வந்து நிற்பார்கள். என்னிடம் யாரும் வருவதில்லை. நானும் யாரிடமும் போவதில்லை.

அன்று அவன் வந்தான். வெள்ளைச் சட்டையோடு என் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது.

"அண்ணாத்த, உங்க வேலய நான் புடுங்கிக்கினேன். உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு தெரியும். ஐயாகிட்ட வோணாம்னுதான் சொன்னேன். மன்னிச்சிக்கங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, போ."

"இன்னொண்ணு. உங்ககிட்டதான் சொல்ல முடியும்." குரலைத் தாழ்த்தினான். "காலைல கப்ல ஊத்தும்போது எனக்கு அந்த வாசன அடிச்சிது. சரக்கு வாசன. எம்மனசு இன்னும் அங்கயேதான் கீது அண்ணாத்த. கர்த்தரோட பந்தில கூட எனக்கு அதான் நெனப்பு. முட்டி போட்டு அழுதேன். போவல. அப்பயும் அடிச்சிது. நான் இதத் தொடறதுக்கே லாயக்கில்லாதவன்."

"ருசி பாக்கலயா நீ?"

"பந்திக்கு வச்சத நான் எப்டி முன்னாடி ருசி பாக்கறது?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் மூக்கு சரியாகச் சொல்லியிருக்கிறது. அவன் அதை நம்பாமல், தன் மனம்தான் அழுகிக் கிடக்கிறது என்று நம்பிவிட்டான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் அதை ஒப்புக்கொண்டு, கப்பையும் குடித்துவிட்டு, தொண்டையில் அது இறங்கும்போதும் தன்னைத்தான் திட்டிக்கொள்வான். அப்புறம் மதியத்துக்குள் மாமல்லபுரம் போய்விடுவான். யானைக்கு அடியில். இந்தத் தடவை காலைப் பிடிக்கவும் ஆள் இருக்காது, ஏனென்றால் பிடிக்க வேண்டிய ஆளே தள்ளிவிட்டவன்.

எழுந்து நேராக மேசைக்குப் போனேன். பாஸ்டர் தவிர வேறு யாரும் அந்தத் துணியைத் தொடக்கூடாது. நான் தூக்கினேன்.

"யோவ், இன்னா பண்ற?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்.

"எடுத்துக் குடிக்கப் போறான் பாரு" என்றாள் ஒரு பெண். என்னைப் பற்றி அவர்கள் என்ன நினைத்திருந்தார்கள் என்பது ஐந்து வருடம் கழித்துத் தெரிந்தது.

"இது புளிச்சிப்போச்சி. சாராயம். யாரும் தொடாதீங்க" என்றேன்.

பாஸ்டர் குனிந்து மோந்தார். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு குடிக்காத மனிதர். "திராட்சை வாசனைதானே வருது?" என்றார்.

"ஐயா, உங்களுக்குத் தெரியாது."

கடைசி வரிசையிலிருந்து ஒன்பது நாள்காரன், "ஆமா ஐயா, பாட்டு பாடறப்பவே தெரிஞ்சிது. நான் தூபம்னு நெனச்சி கம்முனு இருந்தேன்" என்றான். யாரோ சிரித்தார்கள்.

என் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தவன் எழுந்து நின்றான். "என் தப்புதான்... நான்தான் சரியா..."

"நீ சும்மா இரு" என்றேன். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னேன். "இவன் தப்பு இல்ல. கொதிக்க வைக்கணும்னு நான் இவனுக்குச் சொல்லல. ஃபிரிட்ஜ்ல வைக்கணும்னும் சொல்லல. தெரிஞ்சேதான் சொல்லல."

என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒழுங்கான சாட்சி அதுதான். யாரும் கைக்குட்டையை எடுக்கவில்லை.

அன்று அப்பம் மட்டும் கொடுத்தார்கள். நான் அதை வாங்கவில்லை, வாங்க முடியவில்லை. பாஸ்டரம்மாவும் டவுன்ஷிப் அக்காவும் தட்டுகளை வெளியே எடுத்துப் போய்த் தென்னை மரத்தடியில் ஒவ்வொரு கப்பாகக் கவிழ்த்தார்கள். இல்லத்து ஆட்களையும் அவனையும் என்னையும் கிட்டே விடவில்லை. தூரத்தில் நின்று பார்த்தோம்.

செருப்பு விடுகிற இடத்தில் அவன் என் சட்டையைப் பிடித்தான்.

"எனக்குப் பொண்டாட்டி கீது. புள்ள கீது. தெரியுமாய்யா உனக்கு?"

"தெரியும். அதுக்காவதான் செஞ்சேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். கையை எடுத்தான். "தூ" என்று என் காலடியில் துப்பிவிட்டுப் போனான். குடியை விட்டதிலிருந்து அவன் என்னிடம் பேசியதிலெல்லாம் இருந்த "ங்க" அன்றோடு போயிற்று.

மாலையில் பாஸ்டரிடம் போய், என்னைச் சபையிலிருந்து நீக்கிவிடுங்கள் என்றேன்.

"நீக்கினா எங்க போவீங்க?"

"செங்கல்பட்டு ஸ்டேஷன் இன்னும் அங்கயேதான் கீது."

"அங்கயும் செவ்வாய்க்கிழமை நான்தான் வருவேன்" என்றார். சிரிக்கவில்லை. அடுத்த மாதப் பந்தியில் நான் கலந்துகொள்ளக் கூடாது, பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார். அது நியாயம். ஆனால் எழுந்து போகும்போது இன்னொன்று சொன்னார்.

"ரசம் தம்பிகிட்டயே இருக்கட்டும்."

அது நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் படவில்லை. நான்தானே உண்மையைச் சொன்னேன் என்று உள்ளே ஒரு நாய் குரைத்தது. அறைக்கு வந்து ஆண்டவரிடம் சண்டை போட்டேன். இந்தப் பொறாமையை எடுத்துப்போடும் என்று கேட்டேன். எடுக்கவில்லை. சரி, இன்றைக்கு மட்டும் என்று கேட்டேன். அன்று வெளியே கால் வைக்காமல் அறையிலேயே படுத்துக்கொண்டேன். நாற்பது அடி தூரத்தில் ஒயின் ஷாப்.

நாலு வாரம் அவன் என் பக்கம் திரும்பவில்லை. ஞாயிறுகளில் அவன் மனைவி என்னைப் பார்த்துத் தலையசைப்பாள், அவன் அவள் கையை இழுத்துக்கொண்டு போவான். அவன் கோபம் எனக்கு ஒருவிதத்தில் வசதியாக இருந்தது. மன்னித்திருந்தால் அதற்கும் பொறாமைப்பட்டிருப்பேன். ஆனால் அவன் குடிக்கவில்லை. அதைத் தினமும் விசாரித்துக்கொண்டேன், அவனுக்குத் தெரியாமல்.

ஐந்தாவது வாரம், சனிக்கிழமை மதியம், என் அறை வாசலில் நிழல் விழுந்தது. அவன்தான். கையில் மஞ்சள் பை நிறையத் திராட்சை. செருப்பைக் கழற்றவில்லை. உள்ளே வரவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்தான்.

"சொல்லு. இந்த வாட்டி முழுசா சொல்லு."

நான் கம்பியைக் கீழே வைத்தேன். பாஸ்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம், அவருக்கும் தெரியும். என்னிடம் வந்து நிற்கிறான்.

"காம்பு கிள்ளு. உப்புத் தண்ணில அலசு."

எழுதினான்.

"அடி கனமான பாத்திரம் வோணும். உன் வூட்ல இருக்காது. அந்தா கீது பாரு, எடுத்துக்கினு போ."

என் பாத்திரத்தை அவன் பார்த்தான். அதை எடுத்துப் பையோடு சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். எனக்கு வயிறு எரிந்தது.

"அர மணி நேரம் கொதிக்கணும்."

"கொதிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே எழுதி, அதற்கடியில் இரண்டு கோடு போட்டான்.

"மசிச்சி, துணில வடிகட்டி, சக்கர போட்டு மறுபடி ஒரு கொதி. ஆறுன பொறவு பாட்டில்."

முழுவதையும் எனக்குத் திரும்பப் படித்துக் காட்டினான், வாத்தியாரிடம் ஒப்பிக்கிற மாதிரி இல்லை, போலீஸ்காரன் வாக்குமூலம் படிக்கிற மாதிரி.

"வேற எதுனா வுட்டியா?"

"ஃபிரிட்ஜ்ல வை."

எழுதினான். "வேற?"

யோசித்துப் பார்த்தேன். நன்றாகவே யோசித்தேன். "காலைல ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு நாக்குல வச்சிப் பாரு. தப்பில்ல. நாலு வருஷமா நான் அப்டித்தான் செஞ்சேன்."

அவன் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தான். பொய்யா என்று பார்த்தான். பிறகு அதையும் எழுதிக்கொண்டு, என் பாத்திரத்தோடு கடற்கரைச் சாலையில் அவன் வீட்டைப் பார்த்து நடந்தான். நான் வாசலில் நின்று பார்த்தேன். திருப்பம் வரைக்கும் பாத்திரம் வெயிலில் மின்னிக்கொண்டே போயிற்று.